இதய உறை நீரில் புற்றுச் செல்கள் தென்படவில்லை என்றால் புற்றுநோய் இல்லை என்று பொருளா?

கேள்வி, சுருக்கமாக: அம்மாவுக்கு 56 வயது. புகைப் பழக்கம் கிடையாது. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. எக்கோவில் இதயத்தைச் சுற்றி நிறைய நீர் இருப்பதாகச் சொல்லி, குழாய் செருகி 700 மில்லி எடுத்தார்கள். ரத்த நிறத்தில் இருந்தது. சைட்டாலஜி (நீரிலுள்ள செல்களைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையில் ‘8 மில்லி ரத்தம் கலந்த திரவம் பெறப்பட்டது. புற்றுச் செல்கள் தென்படவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏ.டி.ஏ. அளவு 42. காசநோய் மாத்திரையும் ஸ்டீராய்டும் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இப்போது மறுபடியும் நீர் சேர்ந்திருக்கிறது. புற்றுநோய் எங்காவது ஒளிந்திருந்து, அந்த நீரில் தெரியாமல் போயிருக்குமா?

பதில்:

போயிருக்கலாம். உங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. அவரை நான் பார்க்கவில்லை, நம் நாட்டில் இப்படி நீர் சேர்வதற்குக் காசநோய்தான் முதல் காரணம், அதுவாகவே இருக்கவும் கூடும். ஆனால் உடலிலிருந்து எடுத்த திரவங்களைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்பதே என் அன்றாட வேலை. அந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு புற்றுநோய் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

காரணம் அறிக்கையின் முதல் வரியிலேயே இருக்கிறது. எடுத்தது 700 மில்லி. ஆய்வகத்துக்கு வந்தது 8 மில்லி. மிச்சம் 692 மில்லி, அநேகமாகப் பையோடு குப்பைக்குப் போயிருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சோறு பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கும். உறை நீரில் செல்கள் அப்படிப் பரவி நிற்பதில்லை. படுத்திருப்பவரின் உறைக்குள் அவை அடியில் படியும், ரத்தத்தோடு சேர்ந்து திரியும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேத்தாலஜி துறையினர் தங்கள் பழைய மாதிரிகளைக் கணக்கெடுத்து, இதய உறை நீரில் 60 மில்லிக்குக் குறையாமல் அனுப்பினால்தான் புற்று தவறிப்போவது குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள். 8 மில்லியில் புற்றுச் செல் தென்பட்டிருந்தால் அந்த முடிவை நம்பலாம். தென்படாததற்கு அதே எடை கிடையாது.

இந்தப் பரிசோதனையின் குணமே அதுதான். ‘புற்று உறுதி’ என்று வந்தால் அது தவறாக இருப்பது மிக அரிது. ‘தென்படவில்லை’ என்று வந்தால், மருத்துவர் வேறு சான்றுகளைத் தேட வேண்டும் என்று மட்டுமே பொருள்.

நீர் எப்படிச் சேர்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு உறை இருக்கிறது. நடுவில் இயல்பாகவே 15 முதல் 50 மில்லி வரை தெளிந்த நீர் உண்டு. அந்த உறை சட்டென்று விரிந்து கொடுக்காது. கத்திக்குத்து போன்ற விபத்தில் 150, 200 மில்லி ரத்தம் திடீரென்று சேர்ந்தாலே இதயம் நசுங்கி உயிர் போகும். அதே நீர் வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் உறை இழுபட்டு இழுபட்டு ஒரு லிட்டருக்கு மேலும் இடம் கொடுக்கும். உங்கள் அம்மா 700 மில்லியைச் சுமந்துகொண்டு இரண்டு மாதம் வீட்டு வேலை பார்த்திருக்கிறார் என்றால் அது மெதுவாகச் சேர்ந்த நீர். மெதுவாகச் சேர்ப்பவை காசநோய், புற்றுநோய், தைராய்டு குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்றவை. தைராய்டு, சிறுநீரகத்துக்கான யூரியா, கிரியேட்டினின், லூபஸுக்கான ஏ.என்.ஏ. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் நடந்திருக்கின்றனவா என்று கோப்பைப் புரட்டிப் பாருங்கள். தைராய்டு குறைவில் ஒரு லிட்டர் நீர் சேர்ந்தும் நாடித் துடிப்பு நிதானமாகவே இருக்கும், டி.எஸ்.எச். என்ற ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை போதும், ஆனால் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

மறுபடி நீர் சேர்ந்திருக்கும் இந்த நாட்களில் ஓர் எச்சரிக்கை. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பது, தலை சுற்றல், கழுத்து நரம்பு புடைப்பது, ரத்த அழுத்தம் இறங்குவது, கை கால் சில்லிடுவது: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் எக்கோ வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்த நிலையில் காரணம் தேடுவது அப்புறம். நீரை இறக்குவதுதான் முதல் வேலை.

இனி காசநோயா புற்றா என்ற கேள்வி. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் இதய உறை நீரில் 60 சதவீதத்துக்கு மேல் காசநோயால் வருகிறது என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. செல்வந்த நாடுகளில் காசநோய் சொற்பம். அங்கே புற்றுநோய் மட்டும் 10 முதல் 25 சதவீதம். ஆகவே இங்கே ஒரு மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது தப்பில்லை. நினைத்ததோடு தேடலை நிறுத்திவிடுவதுதான் தப்பு.

டென்மார்க்கில் குடிமக்கள் எல்லோருடைய மருத்துவப் பதிவும் ஒரே எண்ணின் கீழ் இருக்கிறது. அதை வைத்து, இதய உறை அழற்சிக்காக மருத்துவமனைக்கு வந்த 13,759 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 2.7 சதவீதம். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் அதே வயதுள்ள பொதுமக்களிடம் எதிர்பார்க்கும் அளவைப் போல அது 12 மடங்குக்கும் மேல். நுரையீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, லிம்போமா (நிணச் செல்களின் புற்று), ரத்தப் புற்று ஆகியவை அதில் முன்னால் நின்றன. அவர்களில் பலருக்குப் பெரிய அளவில் நீர் சேர்ந்திருக்காது, வெறும் அழற்சிதான். நீர் நிறைய இருந்து, ரத்த நிறமாகவும் இருந்து, எடுத்த பிறகும் திரும்புகிறது என்றால் சந்தேகம் இன்னும் கூடத்தான் வேண்டும்.

ரத்த நிறத்தைப் பற்றி உறவினர்கள் எல்லோரும் கேட்பார்கள். சிவப்பாக இருந்தாலே புற்று என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. காசநோயிலும் நீர் சிவப்பாகவே வரும். இதய அறுவைக்குப் பிறகும், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். ஊசி போடுகிற மருத்துவருக்கு வேறொரு கவலை: ஊசி இதய அறைக்குள்ளேயே போய்விட்டதா என்று. கொஞ்சத்தைப் பஞ்சுத் துணியில் ஊற்றிப் பார்ப்பார். நல்ல ரத்தம் உறைந்துவிடும். உறைக்குள் பல நாள் அலைந்த ரத்தம் உறையாது, துணியில் பரவி ஓரத்தில் வெளிறிய வளையமாக நிற்கும். நிறத்தால் அறிய முடிவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

அடுத்தது அந்த ஏ.டி.ஏ. அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியின் அளவு அது. காசநோய்க் கிருமிக்கு எதிராக டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் திரளும்போது அந்த நொதி கூடும். 40க்கு மேல் இருந்தால் காசநோய் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் அம்மாவுக்கு 42, கோட்டின் மேலேயே நிற்கிறது. இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். அந்த நொதி காசநோய்க்கு மட்டும் சொந்தமில்லை. சீழ் பிடித்த நீரிலும் கூடும், லிம்போமாவிலும் கூடும். லிம்போமா என்பதே நிணச் செல்களின் புற்றுதான், நிணச் செல்கள் இருக்கிற இடத்தில் நொதியும் இருக்கும். ஏ.டி.ஏ. 42 என்பதைக் காசநோய்க்குச் சாதகமான ஒரு சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பு என்று வைத்துக்கொள்ள முடியாது. அந்த நீரில் ஜீன்எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவது) செய்தார்களா, கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். ஜீன்எக்ஸ்பர்ட்டில் கிருமி தெரிந்தால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது. தெரியாவிட்டால் காசநோய் இல்லை என்றும் ஆகாது, ஏனென்றால் உறை நீரில் கிருமிகள் மிகக் குறைவு. வளர்ப்புப் பரிசோதனை முடிவு வர ஆறு, எட்டு வாரம் பிடிக்கும். முதல் முறை அனுப்பியிருந்தால் அந்த முடிவு இனிமேல்தான் வரும், விட்டுவிடாதீர்கள்.

புரதம், எல்.டி.எச். என்ற நொதி, சர்க்கரை ஆகியவற்றை எல்லா ஆய்வகமும் பார்த்துக் கொடுக்கும். நெஞ்சுக்கூட்டு நீருக்காக அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட் 1972இல் வகுத்த அளவுகோலை இதய உறைக்கும் போட்டுப் பார்ப்பார்கள். அதில் பெரிய லாபம் இல்லை. காசநோயும் புற்றும் இரண்டுமே ‘அழற்சி நீர்’ என்ற பக்கத்தில்தான் விழும்.

இனி என் மேசைக்கு வருகிறேன். பாட்டில் வந்ததும் நீரைக் குழாய்களில் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவோம். செல்கள் அடியில் மண்டியாகப் படியும். ரத்தம் அதிகமான நீரில் மண்டி முழுவதும் சிவப்பணுவாகத் தெரியும். அதன் மேல் விளிம்பில் மெல்லிய சாம்பல் வெள்ளைப் படலம் ஒன்று இருக்கும். வேண்டிய செல்கள் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. அதை உறிஞ்சி எடுத்துச் சில்லில் தடவி, சிலவற்றை ஈரம் காயுமுன் ஆல்கஹாலில் போட்டு பாப் சாயமும், சிலவற்றைக் காற்றில் உலர்த்தி கீம்சா சாயமும் ஏற்றுவோம். அவசரத்தில் அடி மண்டியைத் தடவினால் சில்லு முழுவதும் சிவப்பணுதான் தெரியும்.

பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இதய உறையின் உட்பக்கத்தை மீசோதீலியச் செல்கள் என்ற மெல்லிய வரிசை மூடியிருக்கிறது. சாதாரணமாக அவை தட்டையாகச் சாதுவாக இருக்கும். அழற்சி வந்து, இதயத் துடிப்பில் நாள் முழுவதும் உரசி, நீரில் ஊறிக் கிடந்தால் அவற்றின் உருவமே மாறிவிடும். கரு பெருக்கும், நடுவில் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி துருத்திக்கொண்டு தெரியும், ஒரே செல்லில் இரண்டு மூன்று கரு, நடுவே பிளந்துகொண்டிருக்கும் செல்களும்கூடத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர் அதைப் பார்த்தவுடன் புற்று என்று எழுதக் கையெடுப்பார். நான் அவரிடம் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்வேன். ஒன்று, பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே ஒளி ஊடுருவும் மெல்லிய இடைவெளி இருக்கிறதா. மீசோதீலியச் செல்கள் அந்த இடைவெளியை விட்டுத்தான் நிற்கும். இரண்டு, சில்லில் இருப்பது ஒரே குடும்பமா, இரண்டா. மீசோதீலியச் செல்கள் எவ்வளவு கோரமாக மாறினாலும், சாதுவிலிருந்து கோரம் வரை எல்லாப் படிகளும் அதே சில்லில் வரிசையாகத் தெரியும். புற்று வந்தால் அப்படி இல்லை. உள்ளூர்ச் செல்கள் ஒரு பக்கம் இருக்க, அவற்றோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத வேறொரு கூட்டம் நிற்கும். மார்பகப் புற்றாக இருந்தால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் விளிம்பு வழவழப்பான உருண்டைகளாக இருக்கும். நுரையீரல், வயிற்றிலிருந்து வந்ததாக இருந்தால் செல்லுக்குள் சளிக் குமிழ் ஒன்று கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கலாம்.

கண்ணால் பார்த்து இவ்வளவுதான் சொல்ல முடியும். இதற்கு மேல் போக ‘செல் பிளாக்’ வேண்டும். மீந்த மண்டியைக் கெட்டியாக்கி, ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, திசுத் துண்டைப் போலவே சீவுவது. சீவல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு புரதத்துக்கான இம்யூனோ சாயம் ஏற்றலாம். கால்ரெட்டினின், டபிள்யூ.டி.-1 ஏறினால் அது மீசோதீலியச் செல். கிளாடின்-4, பெர்-ஈ.பி.-4 ஏறினால் வெளியிலிருந்து வந்த கார்சினோமா என்ற வகைப் புற்று. எங்கிருந்து வந்தது என்பதற்கு அடுத்த சுற்று: டி.டி.எஃப்.-1, நாப்சின்-ஏ ஏறினால் நுரையீரல், ஜி.ஏ.டி.ஏ.-3 ஏறினால் முதலில் மார்பகத்தை நினைக்க வேண்டும், சி.டி.எக்ஸ்.-2 குடல் பக்கம். பாக்ஸ்-8 சினைப்பை அல்லது சிறுநீரகம். மார்பில் கட்டி இல்லை, இருமல் இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றிருக்கிற ஒருவருக்கு, இதயத்தைச் சுற்றிய நீரில் கிடைத்த சில நூறு செல்கள் நுரையீரலின் எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லிவிடும். ஒளிந்திருக்கும் புற்றை நீரிலிருந்து கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்டதன் முழு அர்த்தமும் இந்த மெழுகுத் துண்டில் அடங்கியிருக்கிறது. உங்கள் அறிக்கையில் செல் பிளாக் என்ற பேச்சே இல்லை. 8 மில்லியில் செய்வதும் கடினம்.

லிம்போமாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மா ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். சில்லில் சின்னச் சின்ன நிணச் செல்கள் மட்டுமே நிறைந்திருந்தால் அது காசநோயாகவும் இருக்கலாம், சிலவகை லிம்போமாவாகவும் இருக்கலாம். சாயம் ஏற்றிக் கண்ணால் பிரிப்பது கடினம். அதற்கு, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனை உண்டு. நீர் பச்சையாக, ஃபார்மலின் படாமல், அன்றே போய்ச் சேர வேண்டும். கட்டி எதுவும் இல்லாமல் நீராகவே வாழும் ஓர் அரிய லிம்போமாகூட இருக்கிறது, ஹெச்.ஹெச்.வி.-8 என்ற வைரஸோடு தொடர்புள்ளது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதிகம். ஸ்டீராய்டின் சங்கடம் என்னவென்றால், லிம்போமாச் செல்களை அது தற்காலிகமாகக் கொன்றுவிடும். நீர் வற்றும், காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும். வீட்டில் எல்லோரும் காசநோய் மாத்திரை வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நோய் திரும்பும். இடையில் எடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியாது. சந்தேகம் தீராதவரை மாதிரி எடுப்பது முன்னால், ஸ்டீராய்டு பின்னால் என்பதே நான் வாதாடும் வரிசை.

காசநோய் என்றே வைத்துக்கொண்டாலும் ஸ்டீராய்டு கட்டாயம் இல்லை. தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் பொங்கானி மயோசி தலைமையில் ஆப்பிரிக்க நாடுகளில் 1,400 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. பிரெட்னிசோலோன் கொடுத்தவர்களுக்கு உறை இறுகிச் சுருங்குவது குறைந்தது, ஆனால் இறப்பு குறையவில்லை, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதோடு தொடர்புள்ள புற்றுகள் கூடின. இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டையோ காசநோய் மாத்திரையையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூன்று வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் அதுவே ஆபத்து. கேட்க வேண்டியதைக் கேட்டு, முடிவை மருத்துவரிடம் விடுங்கள். காசநோயிலும் முதல் சில வாரங்களில் நீர் திரும்புவது உண்டு என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நீரை வடித்த பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா? வடிப்பதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே இங்கே கணக்கில்லை. அதில் இதயம் குடுவை மாதிரி வீங்கித் தெரியும், பின்னால் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி நசுங்கிக் கிடக்கும், அங்கே ஒரு சின்னக் கட்டி இருந்தால் எந்தக் கண்ணுக்கும் படாது. வடித்தபின், சாயம் ஏற்றி, நெஞ்சு முழுவதும் சி.டி. எடுத்தால் நுரையீரல், மூச்சுக்குழல் ஓரத்து நெறிக்கட்டிகள், உறையின் தடிப்பு எல்லாம் தெரியும். நெறிக்கட்டி இருந்தால் அதிலிருந்து ஊசி போட்டு எடுப்பது உறையை வெட்டுவதை விட எளிது. பெட் சி.டி. செலவு அதிகம், காசநோயும் அதில் புற்றைப் போலவே ஒளிரும். ஆனாலும் எங்கே ஊசி போடலாம் என்று இடம் காட்டும்.

ஸ்கேனுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றுக்குக் காசே ஆகாது. அம்மாவின் இரண்டு மார்பகங்களையும், அக்குளையும், கழுத்தெலும்புக் குழியையும் ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தாரா? இதயத்துக்காக வந்தவரை இதய மருத்துவரும், நீருக்காக வந்தவரை நீர் எடுப்பவரும் பார்ப்பார்கள். மார்பைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் முறை வராமலே போகும். அம்மாக்களும் சொல்லமாட்டார்கள். ‘பத்து வருஷத்துக்கு முன்னால் மார்பில் சின்னக் கட்டி எடுத்தார்கள், அதெல்லாம் சரியாகிவிட்டது’ என்ற தகவல், செல் பிளாக் முடிவு வந்து நாங்கள் திருப்பிக் கேட்கும்போதுதான் மகள் வாயிலிருந்து வரும். மார்பகப் புற்று எத்தனை ஆண்டு கழித்தும் இதய உறைக்குத் திரும்பி வரக்கூடியது. அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். மேமோகிராமும் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், நெஞ்சின் நடுவெலும்பின் கீழே சின்னதாகத் திறந்து உறையில் ஒரு ஜன்னல் வைத்து, அந்தத் துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நீரும் பெரும்பாலும் இனி தேங்காது, திசுவும் கிடைக்கும். துண்டு எடுத்தால் கட்டாயம் தெரிந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். புற்று உறையில் திட்டுத் திட்டாகத்தான் ஒட்டியிருக்கும்; வெட்டிய இடத்தில் திட்டு இல்லையென்றால் துண்டும் வெறும் அழற்சி என்றே சொல்லும். காசநோய்க் கட்டிகள் கிடைத்தால் அதுவும் பெரிய லாபம்தான், ஆறு மாதச் சிகிச்சையை நிம்மதியாகத் தொடரலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்கு உறையில் நீர் சேர்ந்தால் உடனே ‘புற்று இதயத்துக்குப் பரவிவிட்டது’ என்று வீட்டில் அழத் தொடங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீர் வேறு காரணத்தால் வந்தது என்று அதே ஐரோப்பிய நெறிகள் சொல்கின்றன: கதிர்வீச்சு, மருந்து, தொற்று. அவர்களுக்கும் மாதிரி பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

இப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டாவது வாய்ப்பு. நெஞ்சுக்கூட்டு நீரில் செய்த ஆய்வுகளில், முதல் மாதிரியில் தவறியதில் கணிசமான பங்கை இரண்டாவது மாதிரி பிடித்திருக்கிறது. மூன்றாவதில் கிடைத்தது சொற்பம். எனவே மறுபடி நீர் எடுக்கும்போது மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எடுக்கிற நீர் முழுவதையும், முடியாவிட்டால் 100 மில்லிக்குக் குறையாமல், சைட்டாலஜிக்கும் செல் பிளாக்குக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ரத்தம் கலந்திருப்பதால் உறையாமல் இருக்க ஹெப்பாரின் சேர்ப்பார்கள், அதை ஆய்வகத்தோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பங்கு ஃபுளோ சைட்டோமெட்ரிக்கு, ஒரு பங்கு ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் வளர்ப்புக்கும். கிருமிப் பரிசோதனைக்குப் போகிற பாட்டிலில் ஃபார்மலினோ ஆல்கஹாலோ ஊற்றினால் அந்த மாதிரி வீண். வெளி ஆய்வகம் என்றால் பாட்டிலை உங்கள் கையில்தான் கொடுப்பார்கள். நேரே கொண்டுபோங்கள், இரவாகிவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் வைக்காதீர்கள், பனிக்கட்டியானால் செல்கள் வெடித்துவிடும். கூடவே போகிற சீட்டில் வயது, பழைய புற்று உண்டா, காசநோய் மாத்திரையும் ஸ்டீராய்டும் எத்தனை நாளாக, முதல் அறிக்கை என்ன என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘திரவம், சைட்டாலஜி’ என்று இரண்டே சொல் எழுதிய சீட்டுகள் எங்களுக்குத் தினமும் வருகின்றன. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவது எங்களுக்கும் சிரமம்தான்.

புற்று என்றே தெரியவந்தால்? உறைக்குப் பரவிய புற்று முற்றிய கட்டம்தான், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் எந்தப் புற்று என்பதைப் பொறுத்து அடுத்த கதை பெரிதும் மாறும். லிம்போமா என்றால் இந்தக் கட்டத்திலும் குணமாகும் வாய்ப்பு உண்டு. மார்பகம் என்றால் ஹார்மோன் ஏற்பி பார்த்து மாத்திரையிலேயே ஆண்டுகள் ஓடலாம். புகைக்காத பெண்ணுக்கு நுரையீரல் அடினோகார்சினோமா என்று வந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களைத் தேடியே ஆக வேண்டும்; ஆசியப் பெண்களிடம் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் அதிகம், ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் அதற்கென்றே இருக்கின்றன. அந்தப் பரிசோதனைக்கும் நுரையீரலைக் குத்த வேண்டியதில்லை, அதே செல் பிளாக் போதும். செல் குறைவாக இருந்தால், சுழற்றிய பின் மேலே தெளிந்து நிற்கிற நீரில் மிதக்கும் டி.என்.ஏ.விலும் பார்க்க முடிகிறது. அந்தத் தெளிந்த நீரைக் கொட்டிவிடுவது வழக்கமாக இருந்தது; இப்போது கேட்டால் எடுத்து வைப்பார்கள். நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் குழாயைச் சில நாள் விட்டுவைப்பது, உறையில் ஜன்னல் வைப்பது, உறைக்குள்ளேயே சிஸ்பிளாட்டின் அல்லது பிளியோமைசின் செலுத்துவது என்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைப் புற்று மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

கடைசியாக ஒன்று. முதல் முறை தயாரித்த சில்லுகள் அந்த ஆய்வகத்தில் இருக்கும். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ வேலூர் சி.எம்.சி.யிலோ மறுபார்வைக்குக் கொடுக்கலாம். 8 மில்லியானாலும் இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பதில் நஷ்டமில்லை. இரண்டாவது முறை செல் பிளாக் செய்தால் அதன் எண்ணை அறிக்கையிலிருந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஊருக்குப் போகும்போது மெழுகுத் துண்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். சில்லுகளை அட்டைப் பெட்டியில், மெழுகை அதன் பிளாஸ்டிக் கூட்டோடு கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அது 60 டிகிரிக்குள் உருகிவிடுகிற மெழுகு.